முப்பத்தொரு சதவீத வெயில்

செப்டம்பர் 22, 2025

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு இன்று ஒரு முடிவெடுத்தேன்: மொட்டைமாடிக் கண்ணாடியை இனி நாளுக்கு இருமுறை துடைப்பது. காலையில் ஈரத்துணி, மதியம் பழைய பனியன். வரலாறு இதைக் கவனிக்காமல் போய்விடலாம் என்பதால் எழுதி வைக்கிறேன்.

கண்ணாடிக்கு அடியில் செம்புக் குழாய்கள். அவற்றில் தண்ணீரோடு ஓடுவது கரித்துகள். ஒவ்வொன்றும் தலைமுடிப் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. நானோ திரவம் என்று பெயர். வெறும் தண்ணீரைவிட இது வெயிலை அதிகம் குடிக்கும் என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. கண்ணாடிக்கு மேலேயும் கரிதான், திருவொற்றியூர் வானம் இலவசமாக இறக்குவது. உள்ளே இருந்தால் ஆராய்ச்சி, வெளியே இருந்தால் அழுக்கு.

ஆய்வகத்தைப் பெருக்கும் கெங்கம்மா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா சாரு, மேல கீற கரிய தொடச்சிட்டு உள்ள வேற கரிய ஊத்திக்கினு கீற?"

பதில் இருக்கிறது. நாற்பது பக்கம்.

செப்டம்பர் 26

வெறும் தண்ணீரைவிட நான்கு சதவீதம் அதிகம். போன வாரமும் நான்குதான். துகள்கள் கொஞ்சம் ஓய்வு கிடைத்தாலும் அடியில் போய்ப் படுத்துவிடுகின்றன. கலக்கி எழுப்ப வேண்டியிருக்கிறது.

நெறியாளர் கோதண்டம் சார் முகம் சுளித்தார். "ஏம்ப்பா அறிவு, நாலை வெச்சிக்கிட்டு டிரஸ்டுக்கு என்னன்னு சொல்றது?" தெருக்கோடியில் பிரசவ ஆஸ்பத்திரி நடத்தும் டிரஸ்ட் அது. நல்ல எண் வந்தால் அங்கிருக்கும் கேஸ் ஹீட்டரைக் கழற்றிவிட்டு குழாய்ச் சூட்டில் தனித் தொட்டியின் தண்ணீரைக் காய்ச்சும் எங்கள் கருவியை மாட்டுவார்களாம்.

அக்டோபர் 3

பூஜை விடுமுறை முடிந்து முதல் நாள். முப்பத்தொரு சதவீதம்!

சார் என்னைக் கட்டிப்பிடித்தார். இதற்கு முன் அவர் என்னைத் தொட்டதில்லை. சரிபார்க்க ஒரு நாள் கேட்டேன். "சரியா வந்ததை எதுக்குய்யா சரிபார்க்கணும்?" என்றார். மாலைக்குள் டிரஸ்டுக்கு அனுப்பிவிட்டார்.

அக்டோபர் 4

வெயிலை அளக்கும் கருவி கம்பத்தின் உச்சியில் இருக்கிறது. நான் கீழே கணினியைத்தான் பார்ப்பேன். இன்று ஏறிப் பார்த்தேன். அதன் கண்ணாடிக் கும்மட்டத்தில் மூன்று விரல் சந்தனம், நடுவில் குங்குமம்.

ஆயுத பூஜை.

கருவிக்கு ஐந்தில் ஒரு பங்கு வெயில் தெரியவில்லை. பூஜைக்கு முன் அளந்த வெறும் தண்ணீரோடு ஒப்பிட்டு, இவ்வளவு குறைந்த வெயிலில் அவ்வளவு சூடா என்று கணக்கு வியந்துபோயிருக்கிறது.

"எல்லா மிசினுக்கும் வெச்சேன் சாரு," என்றார் கெங்கம்மா. "இத்த மட்டும் உட்டா அதுக்குப் பேஜாரா இருக்காதா? ஸ்டூல் போட்டு ஏறி வெச்சேன்."

துடைத்தேன். நான்கு.

அக்டோபர் 6

துடைக்கும் முன் எடுத்த கும்மட்டத்தின் படத்தைச் சாரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "அழகாத்தான் வெச்சிருக்காங்க."

"சார், குழந்தை பெத்தவங்க குளிக்கிற தண்ணி."

"அதனாலதான் சொல்றேன். நல்ல காரியத்தைக் கெடுக்காதே."

ஆஸ்பத்திரிக்கே போனேன். நர்ஸ் சிலுவையம்மாளிடம், கேஸ் ஹீட்டரை மட்டும் கழற்ற விடாதீர்கள் என்றேன்.

"நீ யாருப்பா?"

"இதைச் செஞ்சவன்."

"செஞ்சவனே வேணான்றியா? வீட்ல எதுனா பிரச்சினையா?"

அக்டோபர் 9

டிரஸ்டுக்கு எல்லாவற்றையும் விளக்கி மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன். பதில் வந்தது. 'தங்கள் அடக்கம் பாராட்டுக்குரியது.'

அக்டோபர் 24

தொடக்க விழா. மழை. சூரிய சக்தியைப் பற்றிக் குடைக்குக் கீழே நின்று மூவர் பேசினார்கள். எனக்கும் ஒரு சால்வை. நான் பேச வாயெடுத்தபோது நாகஸ்வரம் தொடங்கிவிட்டது. பின்வாசல் வழியாகக் கேஸ் ஹீட்டர் மீன்பாடி வண்டியில் ஏறிப் போனது.

நவம்பர் 13

நாலு நாளாக மேகம். துகள்கள் குழாய் வளைவுகளில் சேறாகிவிட்டன. பம்பு உறுமுகிறது, எதுவும் நகரவில்லை. கழுவிவிடப் போனேன். வார்டில் சிவந்தி என்ற பெண், குழந்தை பிறந்து இரண்டு நாள். அவள் அம்மா குழாயைத் திறந்து என் கையைப் பிடித்து நீட்டினார். பச்சைத் தண்ணீர்.

"இன்னா நைனா, ஒன் வெயிலு லீவுல போயிக்கீதா? பச்ச ஒடம்புக்காரி இத்தயா ஊத்திக்குவா?"

நான் என்னத்தச் சொல்ல? எத்தனை பேர்கிட்டச் சொல்றது — சொன்னேனே, எல்லார்கிட்டயும் சொன்னேனே. படம்கூட காட்டினேன். இன்னும் யாருகிட்டப் போய் —

மாலை வரை கழுவினேன். தண்ணீர் கொஞ்சம் வெதுவெதுப்பானது. அல்லது என் கை மரத்துவிட்டதோ என்னவோ.

நவம்பர் 14

மறுபடி அடைப்பு.

டிசம்பர் 8

ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் ரஷீது பாய், வார்டுக்கு விற்கும் வெந்நீருக்கென்று இரண்டாவது பாய்லர் வாங்கியிருக்கிறார்.