முதுகில் விழுந்த வெட்டு

அன்புள்ள கினுவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? அங்கே பனி விழத் தொடங்கியிருக்குமே, முழங்கால் வலி தேவலையா? கியோட்டோவில் நான் சுகம்.

நேற்று படப்பிடிப்பில் ஒரு சின்னத் தகராறு. கதாநாயகன் ஹயாமி என் நெஞ்சில் வெட்ட வேண்டும், நான் விழ வேண்டும். அவன் குறி தப்பி, மூங்கில் வாளை என் முதுகில் போட்டான். இயக்குநரோ, "பிரமாதம், இதையே வச்சுக்கலாம்" என்றார்.

"நான் நடிக்கிறது சாமுராய். முதுகுல வெட்டு வாங்கிச் சாக மாட்டேன். திரும்ப எடுங்க" என்றேன்.

"யோவ் பெருசு, செத்த பொணத்துக்கு என்னய்யா ரோஷம்?" என்றான் ஹயாமி. எல்லோரும் சிரித்தார்கள்.

களத்தின் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் விலகாமல் அடுத்த காட்சி எடுக்க முடியாது. வெளிச்சமோ மங்கிக்கொண்டிருந்தது. இயக்குநரின் முகம் சிவந்தது. "எடுக்கிறேன். ஆனா நாளையிலேர்ந்து இங்க காலை வைக்காதே!"

"சரிங்க" என்று எழுந்தேன். ஹயாமி ஆத்திரத்தோடு ஓங்கி அடித்தான். நெஞ்சில் வாங்கி மல்லாந்து விழுந்தேன்.

விலா கொஞ்சம் கன்றியிருக்கிறது, பயப்படாதே. வேறு கம்பெனியில் வேலை கேட்டிருக்கிறேன். நீ போட்ட முள்ளங்கி ஊறுகாய் அனுப்பு; தனியாக உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. இன்றைய தபாலில் சேர்க்க வேண்டும், முடிக்கிறேன்.

படம் நம் ஊருக்கு வந்தால் போய்ப் பார். விழும்போது என் முகம் தெரியும்.

தோகிச்சி