கொலோசியத்தின் மேல்படி

அன்புள்ள செரபீனா,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? இதைப் படித்துக் காட்டும் பாதிரியாருக்கு என் வணக்கம். இங்கே வந்து எழுதப் பழகிவிட்டேன், இது முழுக்க என் கையெழுத்து என்று அவரிடம் சொல்.

ஞாயிறன்று நான் வேலை செய்யும் உணவுவிடுதிச் சமையற்காரி அசுந்தா, அந்தக் காலத்தில் ஆட்களைச் சிங்கத்துக்குப் போட்ட கொலோசியம் அரங்கைப் பார்க்க என்னைக் கூட்டிப்போனாள். பேச்சு சுவாரசியத்தில் மேல் அடுக்குவரை ஏறிவிட்டேன். திரும்பினால் செங்குத்தான படிகள். அடியில் அரங்கின் தரை பெயர்ந்து திறந்துகிடக்கும் பள்ளங்கள். சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"என்ன மாமா, அம்பது வருஷம் ஆலிவ் மரம் ஏறினேன்னு பீத்திக்கிட்டீங்க?"

"மரத்துல கிளை இருக்கும்மா. இங்க எதைப் பிடிக்கிறது?"

"என் கையைப் பிடிங்க. சிங்கமெல்லாம் செத்து ரொம்ப நாளாச்சு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். விழுவதுகூடப் பெரிதல்ல. நான் தெற்கே கலாப்ரியாக்காரன் என்பதைத் தவிர அவளுக்கு ஒன்றும் தெரியாது. விழுந்தால் உனக்கு யார் சொல்லி அனுப்புவார்கள்? அந்த நினைப்பில்தான் கீழே வரும்வரை அவள் கையை விடவில்லை.

அறைக்கு வந்ததும் உன் பெயரையும் நம் ஊரையும் பெரிய எழுத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்தேன். எழுத்து அழகாக வந்திருக்கிறது.

என் பழைய கம்பளிச் சட்டையை அனுப்பு. அதன் பைக்கு ஒரு பொத்தான் தைத்துவிடு. அடுப்படியில் கூப்பிடுகிறார்கள்.

உன் நிக்கோதெமோ