அக்காமடேஷன்

சின்னக்கானல்
பிரஜோற்பத்தி வருஷம் ஐப்பசி 12

சௌபாக்கியவதி மகள் மாரித்தாய்க்கு அப்பன் சோலை எழுதுவது. இங்கே மழை ஒன்றைத் தவிர எல்லோரும் சுகம். உன் சுகமும் வயிற்றில் இருப்பவர் சுகமும் மாப்பிள்ளை சுகமும் அந்த வரிசையிலேயே எழுது.

உன் பிரசவத்துக்குத் தோட்டத்து லயத்தில் இன்னோர் அறை கேட்கச் சொல்லி, துரையிடம் சொல்ல ஒரு இங்கிலீஷ் வார்த்தை எழுதியிருந்தாயே, அக்காமடேஷன், அதை அ, காம், மொ, டே, ஷன் என்று ஐந்தாக நறுக்கி நாலாவது துண்டில் அழுத்தச் சொன்னாய், நானும் விரலுக்கு ஒரு துண்டாக வைத்து மோதிர விரல் வரும்போது குரலை உயர்த்தி ஒரு வாரம் கொழுந்து மூட்டை சுமந்தபடியே பழகினேன், உன் அம்மா எனக்குத் தொண்டைக்கட்டு என்று கஷாயம் வைத்துக் கொடுத்தாள், குடித்தேன். திங்கட்கிழமை துரை முன்னால் கைகட்டி நிற்கவேண்டியிருந்தது, விரல் எண்ண முடியவில்லை, அழுத்தமெல்லாம் முன்னாலேயே விழுந்து அக்கா என்பது பெரிதாகவும் மிச்சம் முனகலாகவும் வந்தது. துரைக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும், அதுதான் வினை. "அக்கா வருது? இடம் இல்லே?" என்று இரக்கமாகக் கேட்டார். நான் முழிப்பதைப் பார்த்த கணக்கப்பிள்ளை ஈஸ்வரமூர்த்தி, "ஆமான்னு சொல்லித் தொலையும்யா, அறை கிடைக்குது" என்று காதைக் கடித்தார். ஆமாம் என்றேன். துரை பக்கத்து அறையைக் கொடுத்தார், ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்க வருவேன் என்றும் சொல்லிவிட்டார். அக்கா இல்லையென்றால் அறையும் இல்லை.

என்னோடு அக்கா யாரும் பிறக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். அதனால் ஆறு வருஷமாக என்னோடு பேசாத உன் பெரியம்மா ராமுத்தாயைக் கூட்டிவரப் போடிக்கு ஆள் அனுப்பினேன். உன் பேறுகாலம் என்றதும் இரண்டு கோழியோடும் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் காயச் சாமானோடும் மலையேறி வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்த துரை எதிரில், சொல்லிவைத்தபடியே நான் மதினியை அக்கா என்றேன். "ஏலே தம்பி, இம்புட்டு வருசம் கழிச்சு இப்பத்தான் அக்கா நெனப்பு வந்துச்சாக்கும்" என்று ஆறு வருஷக் கோபத்தையும் பாசமாகவே சொன்னாள், நானும் சிரித்தபடி வாங்கிக்கொண்டேன். துரை திருப்தியாகப் போனார். உன் அம்மாதான், "எங்க அக்கா ஒமக்கும் அக்கான்னா நான் ஒமக்கு என்ன மொறை?" என்று கேட்டு, பதில் சொல்லும்வரை எனக்கு வாசலில் சோறு போடுகிறாள்.

அறை நமக்கே என்று ஆகிவிட்டது, பயப்படாமல் கார்த்திகை பிறக்குமுன் வந்து சேர். துரை கண்ணில் பட்டால் பெரியம்மாவை அத்தை என்று கூப்பிட மறந்துவிடாதே. தொட்டிலுக்கு நான் யாரிடமும் போய் நிற்கவில்லை, உன் அம்மாவின் பழஞ்சேலையில் தமிழிலேயே கட்டிவிட்டேன். நீயும் பிள்ளையும் வேறு வேறாகிச் சுகமாய் இருக்க ஆசீர்வதிக்கும்,

உன் அப்பன்
சோலை