பூஜையில் மாட்டிக்கொண்ட பேனா

19.10.96, சனி. காலையிலிருந்து தூறல்.

இன்று முதல் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்கே பாதகமாக இருந்தாலும் மறைக்க மாட்டேன்.

முதல் உண்மை: என் வாட்ச் இப்போது உக்கடத்துப் பழைய சாமான் கடை பாயிடம்.

இத்தனை சனிக்கிழமை அலைந்ததில் கிடைத்தவை: மூடி இல்லாத பேனா, நிப் இல்லாத பேனா, பேனாவே இல்லாத பேனாப் பெட்டி. இன்று, துருப்பிடித்த பூட்டுகளுக்கு அடியில், முழுசாக ஒன்று. கறுப்பு. தங்க நிப். பக்கவாட்டில் சின்ன நெம்புகோல். அதைத் தூக்கி இறக்கினால் உள்ளேயுள்ள ரப்பர் குழாய் இங்க்கை உறிஞ்சுமாம்.

பாய் சொன்னது: "எழுதுமான்னு எனக்குத் தெரியாது கண்ணு. ஊட்டுக்குக் கொண்டுபோயி எழுதிப் பாரு. எழுதுனா காசக் குடு. ஆனா திங்கக்கிழமை கடை தொறந்ததும் வந்துரோணும். பழைய பேனா வாங்கறவரு ஒருத்தரு அன்னிக்கு வாராரு."

எழுதாத பேனாவுக்காக உண்டியலை உடைக்க முடியாது. நம்பிக்கைக்கு வாட்சைக் கழற்றிக் கொடுத்தேன். அம்மாவுக்குத் தெரியாது. இடது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்தபடியே சாப்பிட்டேன்.

வீட்டு இங்க் பாட்டிலில் காய்ந்த கறை மட்டும். தெருமுனைக் கடையில், "இங்க்குங்களா? ரீஃபில் வேணாத் தரட்டுங்களா அம்மணி?"

வேண்டாம்!

20.10.96, ஞாயிறு. காலை. நல்ல வெயில்.

ஸ்டெல்லா வீட்டுக்கு ஓடினேன். அவள் அப்பா இன்னும் இங்க் பேனாதான். அரை பாட்டில் கொடுத்தார். "பேனா எங்கடி? கொண்டா, இங்கயே பாத்துப்போடலாம்" என்றாள் ஸ்டெல்லா. பேனா வீட்டில்! வகுப்பில் முதல் ரேங்க் வாங்குகிறவள் நான்.

திரும்பி வந்தால், அம்மா என் பையிலிருந்த எல்லாவற்றையும் சரஸ்வதி படத்தின் முன் அடுக்கிப் பொட்டு வைத்து முடித்திருந்தாள். பேனாவுக்கும். மூடியைத் திறந்து நிப்பிலேயே சந்தனம்.

"அது மட்டும் ஒரு நிமிசம் வேணுங்கம்மா."

"நாளைக்குப் பூசை எடுக்கற வரைக்கும் தொடக் கூடாது கண்ணு."

"எப்ப எடுப்பீங்க?"

"ராகு காலம் போகட்டும். அவசரம்னா சாமிகிட்டக் கேட்டுக்க."

ராகு காலம் முடிய ஒன்பது மணி. பாய் கடை எட்டுக்கே திறந்துவிடும்.

பிற்பகல்.

எழுதக் கூடாத நாளில் எழுதுகிறேன். பால் கணக்கு எழுதும் குட்டைப் பென்சிலால். அதுவும், தலையணைக்கடியில் நான் வைத்தபடி இல்லாமல் தலைகீழாகக் கிடந்த இந்த டைரியும் மட்டும் பூஜைக்குப் போகவில்லை. பால் கணக்கு என்றால் சரஸ்வதிக்குக் கோபம் வராதாம். இதைச் சொல்லி வாதாடினேன். "இந்த வாய் மட்டும் இல்லீன்னா உன்னைய நாய் தூக்கிட்டுப் போயிரும்" என்று சொல்லி அம்மா என் கையில் பொரியைத் திணித்தாள். அப்பா பட்டறைப் பூஜையிலிருந்து இன்னொரு மூட்டைப் பொரி.

படிக்க ஒரு புத்தகம் இல்லை. பொரி கட்டிவந்த பேப்பரைப் படித்தேன். பாதி டெண்டர் விளம்பரம்.

அப்பா: "மணி என்னாச்சு அம்மணி?" சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னேன்.

இரவு.

இது அந்தப் பேனா.

எடுத்துவிட்டேன். நிப்பிலிருந்த சந்தனத்தைத் துடைத்தேன். நிப்பை இங்க்கில் முக்கி நெம்புகோலைத் தூக்கி இறக்கினேன். குமிழி வந்தது. பிறகு ஒன்றுமில்லை. பிள்ளையார் சுழி போட்டேன், வெறும் கீறல். மறுபடி, கீறல். அடுத்ததில் வால் மட்டும் நீலம்.

எழுதுகிறது. எழுதுகிறது. எழுதுகிறது.

நிமிர்ந்தால் அம்மா நிற்கிறாள்.

"எழுதுதா?"

"ம்."

"தொடைச்ச சந்தனத்த நீயே திரும்ப வெச்சுப்போட்டு வந்து படு. காலைல காசக் குடுத்துட்டு அந்த வாட்ச வாங்கிட்டு வா."

வாட்சைப் பற்றி நான் அம்மாவிடம் ஒரு வார்த்தைகூட

லைட்டை அணைத்துவிட்டாள்.