பதினான்காம் மாடியில் இருப்பவள்

பிப்ரவரி 11, செவ்வாய்

காலையில் இரண்டு பல் பிடுங்கினேன், ஒரு ரூட் கெனால். நடுவில் கையுறையைக் கழற்றிவிட்டுத் தரகரிடம் பேசினேன். வீடு முடிந்த மாதிரிதான். பதினான்காம் மாடி, இரண்டு பக்கம் கடல், கீழே நீச்சல் குளம், வாசலில் சீருடைக் காவலாளி. நான் ஒரு தடவைகூடக் கால் வைக்காத நாட்டில் எனக்கு ஒரு மாளிகை! வெளியிலிருந்து வாங்குகிறவர்களுக்கென்றே தொழில் நடத்துகிறார் இந்த மனிதர். "நம்ம பாஷை பேசறவங்க அங்க நெறைய, மேடம். ரிட்டையர் ஆகிப் போனா தனியா இருக்கற மாதிரியே தெரியாது."

பாஸ்போர்ட் நகல், ஆறு மாதிரிக் கையெழுத்து எல்லாம் போயாயிற்று. இன்று புதிதாக ஒன்று கேட்டார். என்னை நானே வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும், பெயரும் பிறந்த தேதியும் சொல்லி, தலையை இடது வலதாகத் திருப்பி. ஆள் உயிரோடு இருப்பதற்குச் சாட்சியாம். நோயாளி நாற்காலியிலேயே உட்கார்ந்து எடுத்தேன். நான்கு தடவை எடுக்க வேண்டியிருந்தது. சொந்தப் பெயரைச் சொல்லும்போது ஏன் பொய் சொல்கிற மாதிரி முகம் போகிறது?

பிப்ரவரி 16

தங்கை வந்திருந்தாள். "பாக்காம கல்யாணம் பண்ணிக்கிட்டாகூட ஒரு மாதிரி சமாளிக்கலாம்க்கா. பாக்காம யாராவது வீடு வாங்குவாங்களா?"

"கல்யாணத்தைப் பாத்துதான் பண்ணிக்கிட்டேன். என்ன ஆச்சு?" என்றேன். அவள் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

மார்ச் 6

வாங்குகிறவர் பதிவு அலுவலகத்துக்கு நேரில் வந்தே ஆகவேண்டும் என்று விதியை மாற்றிவிட்டார்களாம். எப்படிப் போவது? கிளினிக்கை ஜூனியரிடம் ஒப்படைக்க இன்னும் அரை வருஷம் ஆகும். "எப்படியாவது முடிச்சுடுங்க" என்று தரகரிடம் சொல்லிவிட்டேன்.

"சரி, நான் பாத்துக்கறேன்" என்றார்.

எப்படி என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 14

பதிவாகிவிட்டது.

ஜூலை 22, செவ்வாய்

கட்டடப் பராமரிப்பு அலுவலகத்திலிருந்து கடிதம். குடியிருப்போர் கூட்டத்துக்கு வந்து, மாடிப்படி விளக்குகளைப் பற்றி நல்ல யோசனை சொன்னதற்கு நன்றியாம்.

தரகரிடம் கேட்டேன். சிரித்தார். "எல்லாருக்கும் ஒரே லெட்டர் போடுவாங்க மேடம்." எல்லாருமா மாடிப்படி விளக்கைப் பற்றிப் பேசினார்கள்?

ஆகஸ்ட் 19

பூட்டிய வீட்டில் தண்ணீர் ஓடியிருக்கிறது. மாதா மாதம் ஒரே அளவு. ஒழுகல் என்கிறார் தரகர். ஒழுகுகிற குழாய் இரவு பகல் பார்க்குமா? தண்ணீர் பில்லோடு வந்த மணிவாரிப் பட்டியலை நன்றாகப் பார்த்தேன். காலை ஆறரைக்கு ஆரம்பிக்கிறது. மதியம் கொஞ்சம். சாயங்காலம் பத்து நிமிஷம், செடிக்கு ஊற்றுகிற மாதிரி.

அக்டோபர் 14

வந்து சேர்ந்தேன்.

கடல் காற்றுக்குத் தலையில் துணி கட்டிக்கொண்டு, பெட்டியோடு கட்டட வாசலில் போய் நின்றேன். காவலாளி எழுந்து கதவைத் திறந்தார். "என்ன மேடம், இப்பதானே மேல போனீங்க?"

நான் இன்றைக்குத்தான் முதல் தடவை வருகிறேன் என்று பாஸ்போர்ட்டை நீட்டினேன். அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார். குழம்பிப்போய் மேலே போன் போட்டார். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல். "சொல்லுங்க." என் பெயரைச் சொல்லி, அது நீங்கள்தானே என்று கேட்டார்.

"ஆமா, நான்தான்" என்றது குரல். தயக்கமே இல்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்து நான்கு தடவை சொல்லிச் சொல்லி வராத அந்தத் தெளிவு.

"உலகத்துல ஒரே மாதிரி ஏழு பேர் இருப்பாங்கன்னு சொல்வாங்க" என்றார் காவலாளி, தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்கிற மாதிரி. நான் பெட்டியை இழுத்துக்கொண்டு எதிர் ஓட்டலுக்கு வந்துவிட்டேன். போலீசுக்குப் போக வேண்டியவள் ஏன் திருடி மாதிரி ஓடி வந்தேன்?

அக்டோபர் 15

தரகரின் எண் உபயோகத்தில் இல்லை. அலுவலகம் இருந்த இடத்தில் பூட்டு.

சாயங்காலம் ஓட்டல் ஜன்னலிலிருந்து பார்த்தேன். பதினான்கு மாடி எண்ணினேன். என் பால்கனியில் ஒருத்தி செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். என் உயரம். காதுவரை வெட்டிய முடி. எட்டு வருஷத்துக்கு முன்பு பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்தபோது எனக்கு இருந்த அதே வெட்டு. இப்போது என் முடி தோளுக்குக் கீழே, பாதி நரை.

படத்தோடு ஒப்பிட்டால் என்னைவிட அவள்தான் பொருத்தம்.

அந்தக் கட்டடம் முழுக்க அவள் ஒருத்திதான் வெளியே நின்றாள். மற்ற பால்கனிகளில் ஒரு துணிகூடக் காயவில்லை.

அக்டோபர் 17

இந்த ஊரில் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தேன். என் வயது, நறுக்கென்று பேசுகிறவர். பதிவேட்டைத் தருவித்துப் பார்த்துவிட்டார். வீடு என் பெயரில்தான் இருக்கிறது, அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பெருவிரல் ரேகை என்னுடையது இல்லை.

"உங்களுக்குப் பதிலா அந்தாளு ஒருத்தியைக் கூட்டிட்டுப் போய் உக்கார வச்சிருக்கான். இந்த நாட்டைப் பொறுத்தவரைக்கும் நீங்க அவங்கதான். அவங்க நீங்க இல்லைன்னு நிரூபிக்கறது அப்புறம். நீங்க நீங்கதான்னு மொதல்ல நிரூபிக்கணும்."

"புகார் குடுத்தா?"

"அந்தம்மா ஜெயிலுக்குப் போவாங்க. வீட்டுக்கு சீல் வைப்பாங்க, வழக்கு முடியற வரைக்கும். நேர்ல வராம எப்படியாவது முடிக்கச் சொன்னது யாருன்னு உங்களையும் கேப்பாங்க." பேனாவை மூடினார். "சும்மா இருந்துட்டா ஒண்ணுமில்லை. அவங்க போகணும், நீங்க போய் இருக்கணும். ஆளே மாறலைங்கற மாதிரி."

அக்டோபர் 18

அவள் வந்தாள். நான் கூப்பிடவில்லை; இங்கே இருப்பதைக் காவலாளி சொல்லியிருப்பார். ஓட்டல் வரவேற்பில் என் பெயரைச் சொல்லி என்னைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள்.

பக்கத்தில் பார்த்தால் அப்படி ஒன்றும் ஒற்றுமை இல்லை. என்னைவிடப் பத்து வயது சின்னவள். மூக்கு வேறு. ஆனால் உட்கார்ந்ததும் தலையை இடது பக்கம் திருப்பி ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். அது என்னுடையது. நான் அப்படிச் செய்வேன் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"அந்த வீடியோவை தினம் பாத்தேங்க. பதிவு ஆபீஸ்ல மாட்டிக்கக் கூடாதில்ல?"

படுக்கையில் கிடக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை அவளுக்கு. அவள் பார்த்துக்கொண்டிருந்த நோயாளி அம்மாள் செத்துப்போக, இந்த நாட்டில் தங்கும் அனுமதியும் தங்க இடமும் ஒரே நாளில் போயின. தரகர் வந்திருக்கிறார். ஒரு கையெழுத்து, ஒரு ரேகை. கூலியாக, வீட்டில் இருந்துகொள்.

"வீட்டுக்காரங்க வரவே மாட்டாங்கன்னு சொன்னாரு. இந்த மாதிரி வாங்கறவங்க யாருமே வர்றதில்லையாம். கொஞ்ச நாள்ல எனக்கே நீங்க இல்லவே இல்லைன்னு தோணிடுச்சு."

உன் பெயர் என்ன என்று கேட்டேன். சட்டென்று என் பெயரைச் சொன்னாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்புறம் அவள் சொந்தப் பெயர் வருவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கத்தணும்னுதான் உக்காந்திருந்தேன். முடியல. என்ன பொம்பள நான்.

புகார் கொடுக்கமாட்டேன் என்றேன். சாவியை மேஜைமேல் வைத்தாள். "பக்கத்து வீட்டுப் பெரியவருக்குக் காலையில எட்டு மணிக்கு இன்சுலின் ஊசி. அவர் சம்சாரத்துக்குக் கண்ணு சரியாத் தெரியாது. நான்தான் போடுவேன். மறந்துடாதீங்க."

எங்கே போவாய் என்று கேட்டேன். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அக்டோபர் 20

வீட்டில் இருக்கிறேன். என் அளவுச் செருப்பு வாசலில். அலமாரியில் என் கையெழுத்து போட்டுப் பழகிய காகிதக் கட்டு. கடைசிப் பக்கங்களில் எது அசல் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

கீழே காவலாளி கேட்டார். "தங்கச்சி ஊருக்குக் கெளம்பிட்டாங்களா மேடம்?" நான் ஆமாம் என்றேன்.

அக்டோபர் 21

எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டு மணியை அடித்தேன். அந்தம்மா கதவைத் திறந்து, "ரெண்டு நாளா ஏம்மா வரல? உடம்பு சரியில்லையா?" என்று என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். முகத்தருகே முகம் வைத்துப் பார்த்தும் வித்தியாசம் தெரியவில்லை.

பெரியவருக்கு ஞாபகம் தப்பிப்போய் மூன்று வருஷமாம். பெண்டாட்டியையே யார் என்று கேட்பாராம். நான் ஊசியை எடுத்ததும் கையை இழுத்துக்கொண்டார்.

"இது அவ இல்ல."

"தெனம் வர்ற பொண்ணுதாங்க. கையக் காட்டுங்க."

"அவ இல்ல. அவ எங்க?" என் கண்ணைப் பார்த்தே கேட்டார். "அவள என்ன பண்ணின?"

"தப்பா நெனைக்காதம்மா, அவருக்குப் புத்தி தடுமாறுது" என்றார் அந்தம்மா. நான் தலையாட்டினேன். ஊசி போட்டேன். ஆயிரம் வாயில் மரத்துப்போக ஊசி போட்ட கை, இன்றைக்கு இரண்டு தடவை குத்தியது.

நவம்பர் 9

இன்றும் அதே கேள்வி. இந்தக் கட்டடத்தில் உண்மை பேசுகிறவர் அவர் ஒருவர்தான். அவரைப் பார்க்கப் போகத்தான் பயமாக இருக்கிறது.

டிசம்பர் 12

வக்கீலம்மா மூலமாக அவளைத் தேடச் சொன்னேன். அவள் சொன்ன அந்தப் பெயரில் யாருமே இந்த நாட்டுக்குள் வந்ததாகப் பதிவு இல்லையாம்.

ஜனவரி 18

தங்கை வீடியோவில் கூப்பிட்டாள். திரும்பி வா என்றாள். வீட்டை விற்றுவிடு என்றாள். விற்க வேண்டுமென்றால் பதிவேட்டில் இருக்கிற அதே ரேகையை மறுபடி வைக்க வேண்டும் என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது?

"முடிய வெட்டிட்டியா? பழைய போட்டோல இருக்கற மாதிரியே ஆயிட்டக்கா" என்றாள்.

வசதியாக இருக்கட்டும் என்று வெட்டினேன். வேறு காரணமில்லை.

பிப்ரவரி 24

காலையில் போனேன். பெரியவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கேள்வி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. தானாகவே சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டார். ஊசி போட்டு முடித்துப் பஞ்சை வைத்து அழுத்தினேன்.

"வலிக்கவே இல்ல" என்று உள்ளே இருந்த மனைவிக்குக் கேட்கச் சொன்னார். "இத்தனை நாளா எவளோ ஒருத்தி வந்துகிட்டிருந்தா. இன்னிக்குத்தான் நம்ம பொண்ணு திரும்பி வந்திருக்கு."

என் கையை விடாமல் ரொம்ப நேரம் தடவிக்கொடுத்தார். நானும் இழுத்துக்கொள்ளவில்லை.