கடிகாரம் மட்டும் ஓடுது

என் கதிரு கண்ணுக்கு,

உன் முதல் வருஷ திதிக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது. வருகிறவர்கள் கையில் கொடுக்க உன் படம் போட்டு ஒரு தாள் அடிக்கலாம் என்று பாலக்கோட்டு அச்சகத்துக்குப் போனேன். எல்லாருக்கும் போடுகிற நாலு வரிக் கவிதையை எடுத்துக் காட்டினார் அச்சகக்காரர். "பேர மட்டும் மாத்திக்கலாங்க" என்றார். நானே எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பத்தாம் வகுப்புப் பரீட்சையை மூன்று தடவை எழுதியவனுக்கு எழுத்துப் பழக்கம் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

ஆனால் கண்ணு, இந்தத் தாளை உன் அம்மாவும் படிப்பாள். அவளிடம் ஒரு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று இதில் இருக்கிறது.

துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் அவள் ஒன்றே ஒன்றைச் சொல்லித்தான் தன்னைத் தேற்றிக்கொள்கிறாள். "அவங்கப்பா பாத்துக்கிட்டேதான் இருந்தாரு. புள்ள சாஞ்ச ஒடனே ஓடிப் போயி தாங்கிட்டாரு." நான் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பேன். நல்ல மனுஷன், பெருமை பேசாதவன் என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

முதலில் நல்ல சேதி. நீ செய்துகொண்டிருந்த சாஃப்ட்வேர் வெளியே வந்துவிட்டது. ஒரு ஊரில் இருக்கிற கம்ப்யூட்டரை இன்னொரு ஊரில் இருந்து பார்த்து வேலை செய்கிறார்களாம். வேகமாக இருக்கிறது என்று எல்லாரும் எழுதியிருக்கிறார்களாம். உன் ஆபீஸ் நவீன் போனில் சொன்னான்.

எனக்கு இதை விளங்க வைக்க நீ பட்ட பாடு இருக்கிறதே. முழுப் படத்தையும் ஒவ்வொரு தடவையும் அனுப்பினால் நெட்டு தாங்காது, மாறிய இடத்தை மட்டும் அனுப்ப வேண்டும் என்றாய். எனக்கு ஏறவில்லை. கடைசியில் மண்டிக்கே வந்தாய். "கிரேட் பெட்டியில மேல நாலு தக்காளி அழுகிப்போச்சுன்னா என்னப்பா பண்ணுவ? மொத்தத்தயும் கொட்டிட்டு வேற நெரப்புவியா?" என்றாய். "அந்த நாலத் தூக்கிப் போட்டுட்டு நல்லதா நாலு வெப்பன்" என்றேன். "அவ்வளவுதாம்ப்பா என் வேலை" என்றாய். இருபது வருஷம் குட்டியானை வண்டியில் தக்காளி ஏற்றியவனுக்கு மகன் படிப்பு புரிந்துபோன நாள் அது. மண்டியில் நாலு பேருக்குச் சொல்லி, நாலு பேருக்கும் தப்பாகச் சொன்னேன்.

முட்டி தேய்ந்து நான் வண்டி ஓட்டுவதை விட்டபோது, உன் சாஃப்ட்வேரைச் சோதித்துப் பார்க்கிற வேலைக்கு என்னை வைத்துக்கொண்டாய். நீ மாடி அறையில். நான் கீழே, படிக்குப் பக்கத்தில், பழைய லேப்டாப்போடு. வீட்டு நெட்டு எனக்குக் கிடையாது. ஒரு கோடு சிக்னல் காட்டுகிற என் போனில் இருந்துதான் நெட்டு. நம் ஊரில் ஓடினால் எங்கேயும் ஓடும் என்றாய். உன் திரை மும்பையில் இருக்கிற ஆபீஸ் கம்ப்யூட்டர் வரைக்கும் போய், பதினாறு படிக்குக் கீழே இருக்கிற என்னிடம் வந்து சேர்ந்தது. நான் பார்த்துப் பார்த்து நோட்டில் எழுதுவேன். 'ஓடுது', 'இழுக்குது', நின்றுபோனால் 'ஒட்டுது'. எனக்குத் தெரிந்தது ஒரு சுகம், இரண்டு வியாதி.

முதல் வாரம் படம் நின்றபோதெல்லாம் நான் கீழே இருந்து கத்தினேன். "டேய், நின்னு போச்சுடா." நீ இறங்கி வந்து ஒரு சட்டம் போட்டாய்.

"அப்பா, மும்பையில இருக்கற கஸ்டமரு நம்ம வூட்டு மாடி ஏறி வருவாரா? படம் நின்னா எத்தன மணிக்குன்னு எழுது. கத்தாத. மேல வராத. மூலையில பச்சை எரிஞ்சா நெட்டு சரியா இருக்குன்னு அர்த்தம். அப்பவும் நின்னா, தப்பு என்னுது."

அதற்கு அப்புறம் நான் கத்தவே இல்லை. வாழ்க்கையில் ஒருத்தர் சொன்னதை ஒழுங்காகக் கேட்டேன் என்றால் அது உன் பேச்சைத்தான்.

அன்றைக்குக் காலையில் நீ ஏதோ அடித்துக்கொண்டிருந்தாய். எழுத்து ஒவ்வொன்றாக வந்தது, நன்றாக ஓடியது. பாதி வரியில் நின்றது. மவுஸ் அம்பும் நின்றது. மூலையில் பச்சை எரிந்தது. நான் மணியைப் பார்த்து 'ஒட்டுது' என்று எழுதினேன். எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தேன். அதே பாதி வரி. "என்னடா தம்பி, இன்னிக்கு உன் வண்டி பஞ்சரா?" என்று திரையைப் பார்த்துச் சிரித்தேன். அப்புறம் ஒன்றைக் கவனித்தேன். உன் திரையின் கீழ் மூலையில் மணி மாறிக்கொண்டிருந்தது. இது புது வியாதியாக இருக்கிறதே என்று கெட்டிக்காரத்தனமாக அதையும் எழுதினேன். 'கடிகாரம் மட்டும் ஓடுது. மத்ததெல்லாம் ஒட்டுது.'

அந்த நேரத்தில் தக்காளிக் காட்டில் இருந்து உன் அம்மா போன் செய்தாள். "ஏங்க, அவன் சாப்டானா?" என்றாள். "வேலயா இருக்கான். நான் அவனப் பாத்துக்கிட்டேதான் இருக்கன்" என்றேன். அவள் இன்றைக்கும் கையில் பிடித்துக்கொண்டிருக்கிற வார்த்தை அதுதான்.

படம் நின்று முக்கால் மணி நேரம் கழித்து, வைத்த இட்லி ஆறிப்போய்விட்டதே என்றுதான் மேலே வந்தேன். உனக்காக வரவில்லை, இட்லிக்காக வந்தேன். நீ மேஜையில் கவிழ்ந்து கிடந்தாய். மூச்சு இருந்தது. தருமபுரி போகிற வழியில் அதுவும் நின்றது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார் டாக்டர். "எப்ப விழுந்தாரு?" என்று கேட்டார். "இப்பத்தாங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? சொல்லு கண்ணு, உனக்குத் தெரியுமா?

அப்போதும் எனக்கு ஒரு சமாதானம் இருந்தது. படம் நின்றது சாஃப்ட்வேரின் கோளாறு, அதனால் ஏமாந்தேன் என்று ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தேன். பதினெட்டாம் நாள் ஆபீஸ் லேப்டாப்பை வாங்கிப்போக நவீன் வந்தான். நோட்டையும் கேட்டான். நல்ல பையன். நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் படித்தான்.

"அங்கிள், இது பக் இல்லீங்க, சாஃப்ட்வேர் கோளாறு இல்ல. மணி மாறிக்கிட்டு இருந்துச்சின்னா அப்டேட்டு சரியாத்தான் வந்திருக்கு. மேல எதுவும் அசையல, அதான் வேற எதுவும்..." என்று ஆரம்பித்தவன் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அப்புறம் அவன் குடித்த தண்ணீர் ஒரு சொம்பு.

அன்றைக்கு உன் சாஃப்ட்வேர் ஒரு துளி கூடத் தவறவில்லை. உள்ளதை உள்ளபடி, உடனுக்குடன் எனக்குக் காட்டியிருக்கிறது. உட்கார்ந்து பார்த்துவிட்டு அதற்கு மார்க்குப் போட்டிருக்கிறேன் நான்.

இரண்டு மாதம் கழித்து நவீன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "தப்பா நெனைக்காதீங்க அங்கிள். உங்க நெட்டு மாதிரி மோசமான நெட்டு எங்களுக்கு வேற எங்கயும் கெடைக்கல. மறுபடியும் பாத்து எழுதித் தர்றீங்களா?" ஒத்துக்கொண்டேன். இப்போதும் தினமும் யாரோ ஒரு பையனின் திரையைப் பார்க்கிறேன். ஒரு நிமிஷம் அசையாவிட்டால் போன் போட்டுவிடுகிறேன். "பாத்ரூம் போயிருந்தேங்க" என்கிறான். ஆபீஸில் என்னைப் பற்றிச் சிரிக்கிறார்களாம். சிரிக்கட்டும்.

நேற்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். தக்காளியைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும் வரை அவள் கை நிற்கவில்லை.

"எவ்வளவு நேரம்?"

"முக்கா மணி நேரம்."

"நான் போன் பண்ணப்பவா?"

"அப்பவும் அப்படித்தான்."

"டீ குடிச்சீங்களா?"

"குடிச்சன்."

இரண்டு கிரேட்டை நிரப்பினாள். அப்புறம் என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"அச்சு போட்டுக்கங்க. ஆனா வர்றவங்ககிட்ட நான் எப்பவும் சொல்றதத்தான் சொல்லுவன். சாஞ்ச ஒடனே தாங்கிட்டாருன்னுதான் சொல்லுவன். நீங்க பக்கத்துல உக்காந்து, வாயத் தொறந்து, ஆமான்னு சொல்லணும். ஒவ்வொருத்தர் கிட்டயும்."

எட்டு நாள் கழித்து வருகிறவர்கள் கையில் இந்தத் தாள் இருக்கும். படித்தவர்கள் என்னை நிமிர்ந்து பார்ப்பார்கள். அவள் அதையே சொல்லுவாள். நான் அவர்கள் கண்ணைப் பார்த்து "ஆமாங்க" என்று சொல்லுவேன். அவள் உயிரோடு இருக்கும் வரை, எத்தனை பேர் வந்தாலும், ஒருத்தரையும் விடாமல் சொல்லுவேன். இது உன் மேல் ஆணை.

உன்னைப் பெற்ற அப்பன்,
மாதையன்