துரைமாரின் வெள்ளை நுனி பிரஷ்

9.2.1965, செவ்வாய்

பெற்றோமாக்ஸ் விளக்கு வெடித்து முகம் வெந்து, மாதக்கணக்காக வீட்டிலேயே கிடந்த மீன்பிடிகாரக் கூட்டாளி அந்தோனி இன்று என் சலூனுக்கு வந்தான். என்னிடம் பட்ஜர் என்ற சீமை மிருகத்தின் மயிரில் செய்த சவர பிரஷ் இரண்டு இருக்கிறது. கறுப்பு மயிர் முள்ளாகக் குத்தும். வெள்ளை நுனி பஞ்சு மாதிரி. அது கப்பலில் வரும் வெள்ளைக்காரத் துரைமாருக்கு மட்டும். அதையே எடுத்து, ஆறின தோலில் மெதுவாக நுரை போட்டேன். பாவமாக இருந்ததால் வழக்கமான கேலி எதையும் எடுக்கவில்லை.

கண்ணாடியில் என்னைப் பார்த்தான். "என்ன மச்சான், பகிடி ஒண்டையும் காணேல்லை? அவ்வளவு கேடாப் போச்சோ என்ரை முகம்?"

பிரஷைத் திரும்ப நுரையில் தோய்த்தேன்.

"முகத்துக்கென்னடா? முந்தியும் உன்னைப் பாத்துத்தானே மீன் ஓடினது! துரைமாற்றை பிரஷ் பட்டிருக்கு, இனி இங்கிலீசிலை கத்திக்கொண்டு ஓடும்."

குலுங்கிச் சிரித்தான். நுரை என் வாய்க்குள் தெறித்தது. சோறு தின்ற பிறகும் சவுக்கார நுரை கசக்கிறது. கசக்கட்டும்.